பரணை இறக்குவோம், ஆள் பார்த்துக் கொடுப்போம்

பணி ஓய்வு பெற்று, சொந்த ஊர் வீட்டைப் பூட்டிவிட்டோ விற்றுவிட்டோ, பிள்ளைகள் இருக்கும் நகரத்தில் இரண்டு படுக்கையறை ஃபிளாட்டுக்குக் குடிபோகும் தம்பதிகள் இன்று அநேகமாக எல்லாத் தெருவிலும் இருக்கிறார்கள். கும்பகோணத்திலோ மதுரையிலோ முப்பது நாற்பது ஆண்டு குடித்தனத்தில் சேர்ந்தவை தொள்ளாயிரம் சதுர அடிக்குள் அடங்காது. சிலர் எல்லாவற்றையும் லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து, புது வீட்டில் நடக்க இடமில்லாமல் தவிக்கிறார்கள். சிலர் கடைசி வாரத்தில் அலுத்துப்போய், பழைய சாமான் வாங்குபவரைக் கூப்பிட்டு, கேட்ட விலைக்கு எல்லாவற்றையும் தள்ளிவிட்டு, பிறகு ஆண்டுக்கணக்கில் வருந்துகிறார்கள். மூன்று மாத அவகாசம் எடுத்துக்கொண்டு, முறையாகச் செய்தால் இந்த இரண்டுமே நேராது.

நம் வீட்டுப் பொருள்களில் பல, நாமாகக் கடைக்குப் போய் வாங்கியவை அல்ல. சீர்வரிசையில் வந்தவை, மாமியார் கையிலிருந்து வந்தவை, புதுமனை புகுவிழாவில் உறவினர் வைத்துக் கொடுத்தவை. எவர்சில்வர் பாத்திரத்தில் கொடுத்தவர் பெயரும் தேதியும் வெட்டியே இருக்கும். தமிழக அரசு 2006இல் இலவசமாகக் கொடுக்கத் தொடங்கிய வண்ணத் தொலைக்காட்சியும், 2011இல் கொடுக்கத் தொடங்கிய மிக்சி, கிரைண்டர், மின்விசிறியும் சேர்ந்து, பல வீடுகளில் ஒரே சாதனம் இரண்டிரண்டாக நிற்கிறது.

இப்படி ஆள் வழியாக வந்த பொருளைப் பார்த்து “வேணுமா, வேண்டாமா?” என்று கேட்டால் மனசு பதில் சொல்லாது. வேண்டாம் என்றால் கொடுத்தவரையே மறுப்பதுபோல் உறுத்தும். “இது யாருக்குப் போகணும்?” என்று கேட்டுப் பாருங்கள். அதற்குப் பதில் வரும். கீழே சொல்லும் யோசனைகள் எல்லாம் இந்தக் கேள்வியை மையமாக வைத்தவைதான்.

முதலில் டேப்பை எடுங்கள்

பொருளைத் தொடும் முன் புது வீட்டை அளந்து வாருங்கள். ஒவ்வொரு சுவரின் நீளம், அலமாரிகளின் ஆழம், பரணின் உயரம், கதவின் அகலம், லிஃப்டின் உட்புற அளவு ஆகியவற்றை ஒரு தாளில் எழுதுங்கள். வழக்கமான இரும்பு பீரோ ஆறரை அடி உயரமும் மூன்றடி அகலமும் இருக்கும். பல அடுக்கு மாடிகளின் லிஃப்டில் அது நுழையாமல் போகலாம். மாடிப்படித் திருப்பத்தில் திரும்பாமலும் போகலாம். உருட்டுக்கால் தேக்குக் கட்டிலைப் பிரித்து மாட்ட முடியுமா என்பதை இப்போதே ஒரு தச்சரிடம் காட்டிக் கேளுங்கள். ஊஞ்சல் போவதானால், புது வீட்டு மேல்தளத்தில் கொக்கி போட முடியுமா என்பதைக் கட்டியவரிடம் விசாரியுங்கள்.

புது வீட்டில் துணிக்கு எத்தனை தட்டு, பாத்திரத்துக்கு எத்தனை தட்டு என்று எண்ணிவிட்டால் பாதிச் சண்டை தீரும். “நாலு தட்டுத்தான் இருக்கு, எந்தப் புடவைகளை முதலில் அடுக்கலாம்?” என்று பேச ஆரம்பித்துவிடுவீர்கள். இழப்பதைப் பற்றிய பேச்சு, தேர்ந்தெடுப்பதைப் பற்றிய பேச்சாகிவிடும்.

சுலபமானதிலிருந்து கடினமானதற்கு

ஆல்பத்தில் தொடங்குபவர்கள் அன்றைக்கே நின்றுவிடுவார்கள். மருந்து டப்பா, பை, பிளாஸ்டிக் டப்பா, பழைய பில் ஆகியவை முதல் வாரம். பிறகு துணி, சமையலறை, மின்சாதனம், மரச்சாமான், புத்தகம். பூஜை அறையும் புகைப்படமும் கடைசி. சின்ன முடிவுகளை எடுத்துப் பழகிய பிறகு பெரிய முடிவுகள் அவ்வளவு பயமுறுத்தாது.

ஆறு மாதம் எடுக்காத பொருள் தேவையில்லை என்ற கணக்கு நம் வீடுகளுக்குப் பொருந்தாது. முறுக்கு நாழியும் அகல் விளக்கும் கொலுப்படியும் ஆண்டுக்கு ஒருமுறைதான் வெளியே வரும். அதனால் பொங்கலிலிருந்து அடுத்த பொங்கல் வரை என்று பாருங்கள். ஆடி, நவராத்திரி, தீபாவளி, கார்த்திகை என எல்லாம் வந்து போன பிறகும் ஒரு பொருளை யாரும் தேடவில்லை என்றால், அதற்கு உங்கள் வீட்டில் வேலை முடிந்துவிட்டது.

காலாவதியான மாத்திரைகளை அட்டையோடு குப்பையில் வீசாதீர்கள். குழந்தையோ குப்பை பொறுக்குபவரோ எடுக்கக்கூடும். கழிப்பறையிலும் கொட்ட வேண்டாம். அட்டையிலிருந்து பிரித்து, காப்பிச் சக்கையோடு கலந்து, இறுகக் கட்டி, அபாயக் குப்பையைத் தனியாக வாங்கும் ஊரில் தனியாகக் கொடுங்கள்.

அண்டாவும் ஈயச் சொம்பும்

கல்யாணமும் காதுகுத்தும் வீட்டு வாசலில் பந்தல் போட்டு நடந்த காலத்தில் அண்டா, தவலை, குண்டான், ஜோடுதவலை எல்லாம் ஒவ்வொரு குடும்பத்துக்கும் தேவைப்பட்டன. இன்று விசேஷம் மண்டபத்துக்குப் போய்விட்டது. பாத்திரத்தைச் சமையல்காரர் கொண்டுவருகிறார் அல்லது வாடகைக் கடை தருகிறது. அண்டாவுக்கு இருந்த வேலை வீட்டை விட்டுப் போய்விட்டது. இதை மனதார ஏற்றுக்கொண்டால் சமையலறை தானாகக் குறையும்.

வீட்டில் இருப்பவர் எத்தனை பேர், வழக்கமாக வந்து தங்குபவர் எத்தனை பேர் என்று கூட்டிப் பாருங்கள். தட்டு, டம்ளர், கிண்ணம் எல்லாம் அந்தக் கணக்குக்குப் போதும். இரண்டு பேருக்கான குக்கர் ஒன்று, ஆறு பேருக்கான குக்கர் ஒன்று. பூச்சு உரிந்த நான்ஸ்டிக் தவா யாருக்கும் போக வேண்டாம், அதைப் பயன்படுத்துவதையே நிறுத்திவிடுங்கள்.

பழைய உலோகத்தை விற்பதானால் பித்தளை, செம்பு, வெண்கலம் மூன்றையும் வீட்டிலேயே தனித்தனியாகப் பிரித்து, எடை போட்டு எழுதி வைத்த பிறகு கடைக்காரரை அழையுங்கள். வெண்கலப் பானையும் உருளியும் பித்தளையைவிடக் கூடுதல் விலை பெறும். மூன்றையும் ஒரே குவியலாகப் போட்டால் மலிவான விலையில்தான் கணக்குப் போடுவார்கள். இரண்டு கடைகளில் விலை கேளுங்கள். கொடுப்பதானால், அன்னதானம் நடக்கும் கோயிலிலும் முதியோர் இல்லத்திலும் முதலில் கேட்டுவிட்டு எடுத்துப் போங்கள். அவர்களுக்குத் தேவையில்லாததை வாசலில் இறக்கிவிட்டு வருவது தானம் ஆகாது.

பித்தளையில் சமைக்க விரும்பும் மகளுக்கோ மருமகளுக்கோ கொடுக்கும்போது, உள்ளே ஈயம் பூசிக் கொடுங்கள். புளி சேர்ந்த பதார்த்தத்துக்குப் பூச்சு இல்லாத பித்தளை ஆகாது. ரசம் வைக்கும் ஈயச் சொம்பு வெள்ளீயத்தால் ஆனது. அது 232 டிகிரி செல்சியஸில் உருகிவிடும் என்பதால் வெறும் சொம்பை அடுப்பில் ஏற்றக் கூடாது என்று சொல்லிக் கொடுங்கள். எந்த உலோகம் என்று நிச்சயமில்லாத சொம்பாக இருந்தால் காரீயக் கலப்பு இருக்கலாம். அதைச் சமையலுக்குக் கொடுக்காதீர்கள்.

பட்டுப் பெட்டி

முகூர்த்தப் புடவையை யாரும் விடச் சொல்லவில்லை. அதோடு இன்னும் சிலவற்றை உங்கள் விருப்பத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். மற்றவற்றை ஒரு கட்டிலில் பரப்பி, மகள், மருமகள், நாத்தனார் பெண், தம்பி மனைவி என்று எல்லோரையும் அழைத்து, அவரவர் பிடித்ததை எடுக்கச் சொல்லுங்கள். “இது உங்க சித்தி வளைகாப்புக்குக் கட்டினது” என்று நீங்கள் சொல்லிக் கொடுப்பதையும் சேர்த்துத்தான் அவர்கள் எடுத்துப் போவார்கள்.

இழை நைந்த பட்டை விற்பதானால் ஜரிகையைச் சோதித்து வாங்கும் கடையைத் தேடுங்கள். அந்தக் காலத்துப் பட்டில் வெள்ளியிழையில் தங்க முலாம் பூசிய ஜரிகை இருக்கும். பிற்காலத்துப் புடவைகள் பலவற்றில் செம்பு கலந்த ஜரிகையும் வெறும் பிளாஸ்டிக் இழையும் உண்டு. தெருவில் வருபவர் கண்ணால் பார்த்துச் சொல்லும் விலைக்கு ஒத்துக்கொள்ளாதீர்கள். வைத்துக்கொள்ளும் பட்டைப் பழைய வேட்டியில் சுற்றி, மூன்று மாதத்துக்கு ஒருமுறை மடிப்பை மாற்றுங்கள். பிளாஸ்டிக் உறையில் வைத்தால் ஈரம் தங்கிவிடும்.

மற்றத் துணிகளைக் கொடுக்கும்போது துவைத்து, பட்டன் தைத்து, மடித்துக் கொடுங்கள். 2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினம் பக்கம் வந்து குவிந்த பழைய துணிகள் உடுத்த ஆளில்லாமல் சாலையோரம் கிடந்தன. கொடுத்தவர்கள் நல்ல மனதோடுதான் அனுப்பினார்கள். வாங்குபவருக்கு எது பயன்படும் என்று யாரும் கேட்கவில்லை. கிழிந்த பருத்தித் துணியைத் துடைக்கும் துணியாக்குங்கள், அல்லது விலங்குகள் காப்பகம் வாங்கிக்கொள்ளுமா என்று கேளுங்கள்.

போகியன்று எல்லாவற்றையும் எரித்துவிடலாம் என்று வைக்காதீர்கள். பாலியஸ்டரும் பிளாஸ்டிக்கும் டயரும் எரிந்து வரும் புகை குழந்தைகளின் நுரையீரலில்தான் போய்ச் சேரும். 2018 போகியன்று சென்னையைச் சூழ்ந்த புகைமூட்டத்தில் விமானங்களையே வேறு ஊர்களுக்குத் திருப்பிவிட வேண்டியிருந்தது.

மின்சாதனங்கள்

ஓடுகிற மிக்சியும் மின்விசிறியும் இன்றைக்கே ஒருவருக்குப் பயன்படும். பரணில் இன்னும் ஐந்து ஆண்டு கிடந்தால் யாருக்கும் பயன்படாது. ஓடாதவற்றைத் தெருக் குப்பையில் சேர்க்கக் கூடாது. பெட்டி போன்ற பழைய டிவியின் கண்ணாடிக் குழாயில் காரீயம் உண்டு, டியூப் லைட்டில் பாதரசம் உண்டு. உடைத்துச் செம்பு எடுப்பவரிடம் போனால் அந்த நஞ்சு மண்ணுக்கும் அவர் உடம்புக்கும் போகிறது. 2022ஆம் ஆண்டின் மின்னணுக் கழிவு விதிகள் 2023 ஏப்ரல் 1 முதல் நடப்பில் உள்ளன. அவற்றின்படி பதிவு பெற்ற மறுசுழற்சியாளர்கள் இருக்கிறார்கள். மாநகராட்சி, நகராட்சி அலுவலகத்தில் விசாரித்துக் கொடுங்கள். இன்வெர்ட்டர் பேட்டரியைப் புதிது வாங்கும் கடையிலேயே மாற்றிக்கொள்ளுங்கள். பழைய செல்போனைக் கொடுக்கும் முன் சிம், மெமரி கார்டு இரண்டையும் எடுத்து, உள்ளிருக்கும் எல்லாவற்றையும் அழித்துவிடுங்கள்.

காகிதம்: இங்கே மட்டும் அவசரம் ஆகாது

பொருளில் தவறினால் மனவருத்தம். காகிதத்தில் தவறினால் பண நஷ்டம். மூன்று கட்டாகப் பிரியுங்கள்.

என்றும் வைக்க வேண்டியவை: மூலப் பத்திரம் முதல் கடைசிக் கிரயப் பத்திரம் வரை எல்லாம், ஓய்வூதிய ஆணை, பிறப்பு, திருமண, இறப்புச் சான்றிதழ்கள், வாரிசுச் சான்றிதழ், உயில். பட்டாவையும் வில்லங்கச் சான்றிதழையும் இணையத்தில் மறுபடி எடுத்துக்கொள்ளலாம். மூலப் பத்திரம் தொலைந்தாலோ காவல் நிலையப் புகார், செய்தித்தாள் விளம்பரம், பதிவு அலுவலகம் என்று அலைய வேண்டும். வீடு கட்டியபோதும் விரிவாக்கியபோதும் வாங்கிய ரசீதுகளை வீட்டை விற்று, அந்த ஆண்டு வருமான வரிக் கணக்கு முடியும் வரை வைத்திருங்கள். மூலதன ஆதாய வரியைக் கணக்கிடும்போது அந்தச் செலவுகளைக் காட்ட அவை உதவும்.

சில காலம் வைக்க வேண்டியவை: வருமான வரிக் காகிதங்கள். சாதாரண ஓய்வூதியக் குடும்பத்துக்கு எட்டு ஆண்டுக் கட்டு இருந்தால் நிம்மதி.

போகலாம் என்பவை: பழைய மின் கட்டண ரசீது, கெடு முடிந்த உத்தரவாத அட்டை, மூடிய கடனின் தவணைச் சீட்டு. கடன் முடிந்ததற்கான கடிதத்தை மட்டும் எடுத்து வையுங்கள். கணக்கு எண், ஆதார் எண் உள்ள தாள்களைக் கிழித்துப் போடுங்கள். அப்படியே பேப்பர்காரரிடம் எடைக்குப் போடாதீர்கள்.

பழைய வங்கிப் புத்தகம், வைப்பு ரசீது, தபால் நிலையச் சேமிப்புப் பத்திரம், பங்குச் சான்றிதழ் எதையும் பார்க்காமல் வீசாதீர்கள். பத்து ஆண்டு யாரும் தொடாத வங்கி வைப்புகள் ரிசர்வ் வங்கியின் நிதிக்குப் போகும். ஆனால் கணக்குக்காரரோ வாரிசோ வங்கி வழியாக அதைத் திரும்பப் பெறலாம். இதைத் தேடிப் பார்க்கவே 2023 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி ‘உத்கம்’ என்ற இணையதளத்தைத் திறந்தது. ஏழு ஆண்டு தொடர்ந்து ஈவுத்தொகை வாங்காத பங்குகளும் அரசின் முதலீட்டாளர் பாதுகாப்பு நிதிக்குப் போய்விடும். அவற்றையும் கேட்டுப் பெற வழி உண்டு. அப்பாவின் டிரங்குப் பெட்டி அடியில் இருக்கும் மஞ்சள் தாள் ஒரு ஆண்டு மருத்துவச் செலவுக்கு ஆகலாம்.

புத்தகமும் பூஜை அறையும்

பைண்டு செய்த தொடர்கதைகள், பழைய தீபாவளி மலர்கள், சுதந்திரத்துக்கு முந்தைய சிறு வெளியீடுகள் இருந்தால் எடைக்குப் போடும் முன் சென்னைத் தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தை விசாரியுங்கள். கோட்டையூர் ரோஜா முத்தையா தனி ஆளாகச் சேர்த்த நூல்களையும் இதழ்களையும் கொண்டு 1994இல் உருவான நூலகம் அது. அவர் சேர்க்காமல் விட்டிருந்தால் பல தமிழ் அச்சுப் பிரதிகள் நமக்குக் கிடைத்தே இருக்காது. ஓலைச்சுவடி இருந்தால் எண்ணெய் தடவவோ பிரிக்கவோ முயலாமல், தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தையோ சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்தையோ கேளுங்கள். பாடநூலும் கதைப் புத்தகமும் ஊர்ப்புறக் கிளை நூலகத்துக்கும் பள்ளிக்கும் போகட்டும். அங்கேயும் பட்டியல் அனுப்பிக் கேட்டுவிட்டு எடுத்துப் போங்கள்.

மங்கிப்போன சாமி படங்களை அரச மரத்தடியில் வைத்துவிட்டு வருகிறோம். அங்கே அவை கண்ணாடி உடைந்து, மழையில் நனைந்து, மிதிபடுகின்றன. வீட்டிலேயே ஒரு நல்ல நாளில் கற்பூரம் காட்டி வணங்கி, சட்டத்தையும் கண்ணாடியையும் கழற்றி ஃபிரேம் கடைக்குக் கொடுத்துவிட்டு, படத்தாளைச் செடியடியில் புதைப்பது அதைவிட மரியாதை. கொலு பொம்மைகளைச் செட்டைக் கலைக்காமல், கொலு வைக்கப் போகிற ஒருத்தி கையில் மரப்பாச்சியோடு சேர்த்துக் கொடுங்கள். நீங்கள் மூன்று படி வைத்தால் போதும்; ஒரு வீட்டில் புதிதாகக் கொலு தொடங்கும்.

புகைப்படங்கள்

முதல் வேலை ஸ்கேன் செய்வது அல்ல, பெயர் எழுதுவது. படத்தில் இருக்கும் பெரியவர்களை அடையாளம் சொல்ல ஆள் இருக்கும்போதே ஒவ்வொரு படத்தின் பின்னும் பென்சிலால் பெயர், உறவு, ஊர், ஆண்டு எழுதுங்கள். பேனா மை மறுபக்கம் ஊறும். ஒரே காட்சியில் பத்துப் படம் இருந்தால் இரண்டு போதும். மற்றவற்றை அதில் இருக்கும் உறவினருக்கே கொடுத்துவிடலாம். கல்யாண வீடியோ கேசட்டின் நாடா ஆண்டுக்கு ஆண்டு கெடுகிறது. அதை இந்த ஆண்டே மாற்றி, இரண்டு பிள்ளைகளிடம் இரண்டு பிரதி கொடுங்கள்.

பெற்றோரிடம் பேசும் பிள்ளைகளுக்கு

விடுமுறைக்கு வந்து நான்கு நாளில் வீட்டைக் காலி செய்யப் பார்க்காதீர்கள். “இந்தக் குப்பையெல்லாம் எதுக்கும்மா?” என்ற ஒரு சொல் போதும், அம்மா அத்தனையையும் இறுகப் பிடித்துக்கொள்வார். அவர் அருகில் உட்கார்ந்து, “இது யார் கொடுத்ததும்மா? இது யாருக்குப் போனா உனக்குத் திருப்தியா இருக்கும்?” என்று கேளுங்கள். அவர் சொல்லும் பெயரை ஒரு சீட்டில் எழுதி ஒட்டுங்கள். அப்பாவிடம் “எந்த ஸ்பேனர் செட் ஃபிளாட்டுக்கு வேணும்ப்பா, நீங்களே எடுத்து வையுங்க” என்று சொல்லி விட்டுவிடுங்கள். அவரவர் பொருளை அவரவர்தான் பிரிக்க வேண்டும். கணவன் பொருளை மனைவியோ மனைவி பொருளைக் கணவனோ தீர்மானிக்கக் கூடாது.

இறந்தவரின் உடைமைகளை முதலாண்டுத் திதி முடியும் வரை தொடவேண்டாம். அதுவரை பத்திரத்தையும் வங்கிக் காகிதத்தையும் மட்டும் தனியாக எடுத்து வைத்தால் போதும்.

நகைக்கும் வெள்ளிக்கும் சீட்டு போதாது, உயில் எழுதுங்கள். உயிலைப் பதிவு செய்தே ஆக வேண்டும் என்ற கட்டாயமில்லை. ஆனால் இரண்டு சாட்சிகள் முன்னிலையில் நீங்கள் கையெழுத்திட்டு, அவர்களும் கையெழுத்திட வேண்டும். சொத்தைப் பெறப் போகிறவரைச் சாட்சியாக்காதீர்கள்.

குறைத்த வீடு குறைந்தே இருக்க

புது வீட்டுப் பரணைக் காலியாக விடுங்கள். முடிவெடுக்கத் தயங்கும் பொருள்கள்தான் பரண் ஏறுகின்றன. விசேஷ வீட்டில் வாங்கிவரும் தாம்பூலப் பையும் கிண்ணமும் அந்த வாரத்துக்குள் ஒருவர் கைக்குப் போகட்டும். வீட்டு வேலைக்கு வருபவருக்குக் கொடுப்பதானாலும் “உங்களுக்கு வேணுமா?” என்று கேட்டே கொடுங்கள். உங்கள் வீட்டு விசேஷத்துக்குப் பாத்திரத்துக்குப் பதில் பழம், வெற்றிலை பாக்கு, மரக்கன்று கொடுங்கள். அடுத்தவர் பரணையும் நாம் நிரப்ப வேண்டாம். புதிதாக ஒரு புடவை வந்தால் பழையதில் ஒன்று போகும் என்று வைத்துக்கொண்டால், இன்னொரு முறை இந்தப் பெரிய வேலை வராது.

இந்த ஞாயிற்றுக்கிழமை மருந்து டப்பாவையும் ஒரு டிராயர் காகிதத்தையும் பிரியுங்கள். அடுத்த ஞாயிறு பட்டுப் பெட்டியைத் திறந்து, முதலில் வரவழைக்க வேண்டிய உறவினர்களின் பெயர்களை எழுதுங்கள். கொடுக்க வேண்டியதை நாம் நடமாடும்போதே, நம் கையால், வாங்குபவர் முகத்தைப் பார்த்துக் கொடுப்போம். எது யாருக்கு என்று தெரியாமல் நம் பிள்ளைகள் திகைத்து நிற்கும்படி விட்டுவைக்க வேண்டாம்.